முறை சொல்லிக் கூப்பிடாதீங்க

எங்க ஊருக்கு வந்தீங்கன்னா யாரையும் அக்கா, அத்தை, அண்ணின்னு வாய் தவறிக் கூப்பிட்டுப் போடாதீங்க. ஏனுங்கன்னு சொல்லுங்க, அம்மிணின்னு சொல்லுங்க, ஒண்ணுமே தோணலீன்னா தொண்டையைக் கனைச்சுட்டு நில்லுங்க, நாங்களே திரும்பிப் பாத்துக்கறோம். ஆவாரங்காட்டுவலசுக்காரங்களுக்கு ஒட்டும் இல்ல ஒறவும் இல்லன்னு வெளியூர்ல பேசிக்கறது எங்களுக்கும் தெரியும். பேசட்டும். ஒட்டும் ஒறவும் எச்சா இருந்து கெட்ட ஊருங்க இது, அதை முழுசாக் கேட்டுட்டு அப்பறமா பேசுங்க.

மாரியாத்தா நோம்பி அன்னிக்கு, பொங்கல் வெச்சு எறக்குன கையோட, பொழுது சாயறப்ப கோயில் மைதானத்துல பொம்பளைங்க கும்மி ஆரம்பிக்கும். ஊருல ஆடறவ, வேடிக்கை பாக்கறவன்னு ரெண்டு சாதி கெடையாது, எல்லாரும் ஆடியே ஆகணும், அதுக்குன்னு ஒரு சாங்கியம் இருந்துச்சு. ஆடறவளுக்கு மூச்சு வாங்குனா, சுத்தி நிக்கறதுல தனக்கு ஒறவானவளைப் பாத்து முறை சொல்லிக் கூப்பிடுவா, "வாங்க சின்னம்மா"ன்னோ "வாங்க அண்ணி"ன்னோ. கூப்பிட்டவ வெளிய வந்து மோரு குடிப்பா, கூப்பிட்ட கொரலுக்கு ஆளானவ உள்ள போயி அவ எடத்துல நின்னு கை தட்டணும். பேரு சொல்லிக் கூப்பிட்டாச் செல்லாது, முறைதான் செல்லும். முறை சொல்லிக் கூப்பிட்டும் வராதவ ஊட்டுக்கு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் போக மாட்டாங்க. அதனால அடுப்புல பாலு பொங்குனாலும் போட்டது போட்டபடி ஓடி வருவாங்க, வந்த சுருக்குல கையும் காலும் பாட்டோட சேந்துக்கும், அப்படி ஒரு ஊரு இது.

கோகிலவாணி அந்த வருசம் ஊருக்குப் புதுசு. அனாதை இல்லத்துல வளந்த புள்ள. லாரி ஓட்டற தனபாலு எங்கியோ பாத்துப் பழகிக் கட்டிக் கூட்டிட்டு வந்துட்டான், கையில பால்குடி மறக்காத ஒரு பொட்டப்புள்ள. தனபாலு தங்கச்சி ருக்குமணிக்கு இது ஆகல. கல்யாணமாகி வருசம் பல ஆகியும் அவளுக்குக் கொழந்தை இல்ல, எவளோ ஒருத்தி வந்த சுருக்குல புள்ளையோட நிக்கறாளேங்கற எரிச்சலு வேற. அண்ணன் பொண்டாட்டியை அவ ஒரு நாளும் அண்ணின்னு கூப்பிட்டதில்ல, "ஏ புள்ள"தான். கோகிலவாணி பொறந்ததுல இருந்து யாரும் அவளை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லைங்க, கூப்பிட ஆளு ஏது? அன்னிக்கு அவ மைதானத்து ஓரத்துல, தென்னோலைப் பந்தலுக்கு அடியில உக்காந்து புள்ளைக்குப் பால் குடுத்துட்டிருந்தா. வட்டத்துக்குள்ள ருக்குமணிக்கு மூச்சு வாங்குச்சு, சுத்துமுத்தும் பாத்தா, வேற ஒறவுக்காரி யாரும் கண்ணுல படல, வேற வழியில்லாம, "வாங்க அண்ணி"ன்னு கூப்பிட்டா.

அந்த ஒரு வார்த்தைக்கு அவ மொகம் போன போக்கை நான் பாத்தேன். ரவிக்கையைச் சரி பண்ணிக்கக்கூட நேரமில்லாம ஓடி வந்து, புள்ளையை ருக்குமணி கையில குடுத்துட்டு உள்ள போயி நின்னா. ருக்குமணி புள்ளையோட வெளிய வந்து மோரு குடிச்சா.

கொஞ்ச நேரத்துல மங்களம் பாடி முடிச்சாங்க, பம்பை நின்னுச்சு, உருமி நின்னுச்சு, உள்ள இருந்தவங்க காலு மட்டும் நிக்கல. மொதல்ல சிரிச்சாங்க, நாங்களும் சிரிச்சோம். இருட்டுக் கட்டுன பொறகும் நிக்கல, விடிஞ்சும் நிக்கல. பூசாரி வேப்பிலை அடிச்சாரு, டாக்டரு வந்து ஊசி போட்டாரு. ஊசிக்கு ஆளு தூங்குச்சு, காலு தூங்கல. ஒருத்தி புருசன் அவளை அலேக்காத் தூக்கித் தோள்ல போட்டுட்டு ஊட்டுக்குப் போனான், தோள்ல கெடந்தபடியே அவ கை தட்ட, காலு காத்துல அடவு போட, வாசப்படி தாண்டறதுக்குள்ள அவனே திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டான். ஆபீசருங்க வந்தாங்க, பாத்தாங்க, ஜீப்புல ஏறிப் போனாங்க. ஆத்தா ஆட்டி வெக்கறா, ஆத்தாளே நிறுத்தட்டும்னு நாங்களும் தறிக்குப் போக ஆரம்பிச்சோம். எத்தனை நாளைக்குத்தான் வாயில கை வெச்சுட்டு நிக்கறது, பொழப்பப் பாக்க வேண்டாமுங்களா?

உள்ள ஆடிட்டிருந்த ராமாத்தாதான் வழியைக் கண்டுபுடிச்சது, அதுவும் தெரியாம. சோத்து உருண்டை கொண்டாந்த அவங்க அத்தையைப் பாத்து, பழக்க தோசத்துல, "வாங்க அத்தை, காலு ஓஞ்சு போச்சு"ன்னு சொல்லிப்போட்டா. சொன்ன சுருக்குல அந்தம்மா கையில இருந்த போசி கீழ விழுந்துச்சு, காலு தானா நடந்துச்சு, ராமாத்தா வட்டத்துக்கு வெளிய வந்து மண்ணுல பொத்துன்னு உக்காந்தா. அவ உக்காந்ததைப் பாத்த உள்ளாளுங்க கண்ணைப் பாக்கோணுமே. அடுத்த நிமிசம் மைதானம் முச்சூடும் அக்கா, அண்ணி, பெரியம்மா, சம்பந்தின்னு ஒரே கூப்பாடு; கூப்பிட்டவங்க வெளிய, காதுல கேட்டவங்க உள்ள, உள்ள போனவங்க திரும்பிக் கூப்பிட மறுபடியும் வெளிய. பொழுது எறங்கறதுக்குள்ள பாதி ஊடு பூட்டிக் கெடந்துச்சு. ஆம்பளைங்களுக்குக் கவலை இல்ல, எந்த முறை சொல்லிக் கூப்பிட்டாலும் அவங்க காலு அசையல, ஆம்பளைக் காலுக்கு அந்த தைரியம் எப்பவும் உண்டு.

மறுநாளே பஞ்சு வந்துருச்சு. நூல்மில்லுல வேலை செய்யற ஊருக்குப் பஞ்சுக்கா பஞ்சம்? பொம்பளையாப் பொறந்தவ எல்லாம் காதுல பஞ்சு வெச்சுட்டுத்தான் வாசல் தெளிச்சோம். அது பத்தாதுன்னு கோயில் மைக் செட்டை மைதானத்துப் பக்கமாத் திருப்பி வெச்சு, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் சாமி பாட்டுப் போட்டு உட்டோம். அப்பறம் வசதியான ஊட்டுக்காரங்களுக்கு ஒரு ரோசனை வந்துச்சு. தாத்தன் காலத்துல ஒதுக்கி வெச்ச ஏழைச் சொந்தமெல்லாம் அவங்களுக்கு ஞாபகம் வந்துருச்சு. காடு மேடெல்லாம் காரை உட்டுத் தேடிப் புடிச்சு, சேலை எடுத்துக் குடுத்து, பூ வெச்சு உட்டு, "நோம்பிக்கு வாங்க, ஆயிரந்தான் இருந்தாலும் ஒரு ரத்தமில்லையா"ன்னு கூட்டிட்டு வந்தாங்க. வாசப்படி மிதிக்க உடாத ஊட்டுல இருந்து அழைப்பு வந்தா ஓடி வராம இருப்பாங்களா? புதுச்சேலையோட மைதானத்துல வந்து எறங்குவாங்க, கிட்ட வந்ததும் வட்டத்துக்குள்ள இருந்து "வாங்க பெரியம்மா"ன்னு பெரிய ஊட்டுப் பொண்ணு கூப்பிடும், அந்த மனுசி சந்தோசத்துல கண்ணைத் தொடைச்சுட்டே உள்ள போகும். அப்படித்தான் உள்ள ஆளு மாறுச்சு. கடைசியில வட்டத்துல இருந்ததெல்லாம் தனக்குக் கீழ கூப்பிட ஒருத்தரும் இல்லாதவங்க, அப்பறம் கோகிலவாணி.

அவளும் கூப்பிட்டா, கூப்பிடாம இல்ல. தனபாலைப் பாத்து "ஏனுங்க, ஏனுங்க"ன்னு கத்துனா. அவன் நின்னு அழுதான், காலு அசையல, நாலு மாசத்துல வடக்க லோடு ஏத்திட்டுப் போனவன் அங்கியே ஒருத்தியைப் பாத்து இருந்துட்டான். அவன் சொந்தம், ஒறம்பரைப் பொம்பளைங்க மைதானத்து வழியில நடக்கறதையே உட்டுட்டாங்க. ருக்குமணி ஊரோட அந்தக் கோடிக்கு ஊட்டை மாத்திட்டுப் போயிட்டா, புள்ளையையும் எடுத்துட்டு. பஞ்சு வெச்ச காதுக்கு மேல முக்காடு வேற.

உள்ள ஆடறவங்க ஒவ்வொருத்தருக்கும் சோறு ஊட்டறதுக்கு ஒறவே இல்லாத ஊட்டுக்காரங்களாப் பாத்து ஆளுக்கொரு நாளுன்னு ஏற்பாடு பண்ணினோம். வட்டத்தோட கூடவே நடந்துட்டு உருண்டை புடிச்சு வாயில குடுக்கோணும். ஊரு அவங்களைப் பட்டினி போட்டுச்சுன்னு யாரும் சொல்லிற முடியாது. எனக்கும் கோகிலவாணிக்கும் சுத்தி வளைச்சாலும் ஒறவு கெடையாது, ஆனாலும் நான் பஞ்சு வெச்சுட்டுத்தான் போவேன், எந்தப் பக்கம் எந்த ஒறவு ஒளிஞ்சு கெடக்குன்னு யாரு கண்டா? அவ கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கேட்டுக் கேட்டு வாயைப் பாத்தாலே எங்களுக்குத் தெரியும். எம்பொண்ணுக்குப் பல்லு மொளச்சிருச்சுங்களா? எம்பொண்ணு நடக்கறாளுங்களா? என்னைத் தேடறாளுங்களா? நாங்க பாத்து, எதமா, "மொளச்சிருச்சு அம்மிணி, நடக்குது அம்மிணி, அம்மா எங்கன்னு கேட்டுட்டே இருக்குது, பெருசானதும் கூட்டிட்டு வர்றோம், நீ சாப்புடு"ன்னு சொல்லுவோம். புள்ள ருக்குமணியை அம்மான்னு கூப்பிடறதை, பேரையே மிருதுளான்னு மாத்தி வெச்சதை எல்லாம் அவகிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? அவளுக்குச் சோறு எறங்க வேண்டாமுங்களா? பச்சைக்கொழந்தையை ஒருத்தி மடியில போட்டு வளக்கறா, வளத்துட்டுப் போகட்டும்னு நாங்களும் வாயை மூடிக்கிட்டோம்.

கும்மி நிக்காத அந்த மொத வருசமே மழை கொட்டித் தீத்துச்சு. கெணறு மேல வந்துருச்சு, மஞ்சளு வெளைஞ்சுது. அதுக்கப்பறம் வெளியூர்ல இருந்து சனங்க வேன் புடிச்சு வர ஆரம்பிச்சாங்க. வட்டத்தைச் சுத்திக் கம்பித் தடுப்புப் போட்டு, மேல தகரம் வேஞ்சு, அதுக்கு வெளிய பெருசா இன்னொரு வட்டத்துக்கு எடம் உட்டோம். உள்வட்டம் ஆத்தாளுது, வெளிவட்டம் சனங்களுது. வெளிவட்டத்துல யாரு வேணாலும் ஆடலாம், ஆம்பளை, பொம்பளை, மாசமா இருக்கறவ, பரீச்சை எழுதற புள்ளைங்க, ஆடி முடிச்சு வேர்வையைத் தொடைச்சுட்டு மொளகாய் பஜ்ஜி தின்னுட்டு ஊருக்குப் போகலாம். அத்தனை பேரு ஒண்ணா ஒரே தட்டுத் தட்டறப்ப நெஞ்சுக்குள்ள இருக்கற வெசனமெல்லாம் கரைஞ்சு போகும், நானே அனுபவிச்சிருக்கேன், பொய் சொல்லல. உள்ள இருந்தவங்க ஒவ்வொருத்தரா ஆடியே செத்தாங்க. செத்தவங்க காலு நின்னதும் வட்டம் ஒரு ஆளு சுருங்கும். சுருங்கிச் சுருங்கிக் கடைசியில கோகிலவாணி மட்டும் ஒத்தையா, தடுப்புக்குள்ள, யாருமில்லாத வட்டத்தைச் சுத்திச் சுத்திக் குனிஞ்சு தட்டி நிமுந்து தட்டிட்டிருந்தா. இவளும் போயிட்டா நோம்பியும் போயிரும், மழையும் போயிரும்னு ஊருக்கு உள்ளுக்குள்ள பயம். அவளுக்கு மட்டும் பாலும் முட்டையும் எச்சா குடுத்தோம்.

புள்ள ஏழாவது படிக்கறப்ப வந்த நோம்பி அது. வெளிவட்டத்துல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஆடறதா ஏற்பாடு. மிருதுளாவை மட்டும் அந்தப் பக்கம் போகவே கூடாதுன்னு ருக்குமணி சத்தியம் வாங்கியிருந்தா. புள்ள ஸ்பெஷல் கிளாஸுன்னு பொய் சொல்லிட்டுக் கூட்டாளிகளோட வந்துருச்சு. சும்மா சொல்லக்கூடாது, என்னமா ஆடுச்சுங்க அது. முன்னூறு புள்ளைங்க ஆடுனாலும் கண்ணு அதுமேலதான் போகும். ஆடிட்டே தடுப்புக்குள்ள பாத்து, உள்ள தலை நரைச்சு ஆடிட்டிருக்கற பொம்பளை மாதிரியே கூன் போட்டு அடவு வெச்சுக் காட்டுச்சு, கூட்டாளிங்க சிரிச்சாங்க, நாங்களும் சிரிச்சோம்.

அந்த நேரம் பாத்துக் கரண்ட்டு போச்சு. இத்தனை வருச நோம்பியில சாமி பாட்டு மொத தடவையா நின்னுச்சு. ஜெனரேட்டருக்கு ஆளு ஓடுனான். பொம்பளைங்க நாங்க மடியில முடிஞ்சு வெச்சிருந்த பஞ்சை எடுத்து அந்த நிமிசமே காதுல வெச்சுட்டோம், பழகுன கைதானே. சின்னப்புள்ளைங்ககிட்ட பஞ்சு ஏது? உள்ள ஆடறவளுக்கும் அதுகளுக்கும் என்ன ஒறவுன்னு யாரும் குடுத்திருக்கல.

கோகிலவாணி அந்தப் புள்ளையைப் பாத்தா. புள்ளையோட எடது காதுக்கு முன்னால அரிசி அளவுக்கு ஒரு சின்ன சதைத் துணுக்கு உண்டு. பொறந்தப்பவே இருந்தது, கோகிலவாணிக்கும் அதே காதுல அதே எடத்துல உண்டு. சுத்தி வர்றப்ப ஒரு தடவை பாத்தா, வாயைத் தொறந்தா, மூடுனா. அடுத்த சுத்துல மறுபடியும் தொறந்தா, பல்லைக் கடிச்சுட்டுப் போனா. பெத்த புள்ளையைக் கொஞ்சற ஆசையிலதான் கூப்பிட்டான்னு இப்ப சிலபேரு எரக்கப்பட்டுப் பேசறாங்க. அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அவளுக்கு உக்காரணும். உக்காந்து காலை நீட்டணும், அவ்வளவுதான் அந்த மொகத்துல இருந்துச்சு. மூணாவது சுத்துல, "வா மகளே"ன்னு அவ வாய் அசைஞ்சுது.

மிருதுளா கூட்டத்தை உட்டு வெலகித் தடுப்பைத் தாண்டி உள்ள போச்சு, கோகிலவாணி காலு நின்னுச்சு. நின்ன எடத்துல, தடுப்புக் கம்பியைப் புடிச்சுட்டு, மெதுவா, ஒவ்வொரு எலும்பா மடக்கி மண்ணுல உக்காந்தா. உக்காந்துட்டு ரெண்டு கையாலயும் தரையைத் தடவிப் பாத்தா. புள்ளையை ஏறெடுத்தும் பாக்கல. எங்களுக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமல்ல. பெத்தவளா இவ, பேயிகூடத் தம் புள்ளையை உட்டுட்டுத்தான் அடுத்தவ புள்ளையைப் புடிக்கும், பத்து மாசம் சொமந்தவ பண்ணற காரியமா இதுன்னு ஊரே காறித் துப்புச்சு. அவ எந்திரிச்சா, பஸ் நிறுத்தத்தைப் பாத்து நடந்தா. நேரா நடக்க வரல, எடது பக்கமாவே வளைஞ்சு வளைஞ்சு போனா, அதைப் பாத்துச் சிலபேருக்குச் சிரிப்பு. நின்னுட்டிருந்த டவுன் பஸ்ஸுல ஏறி ஜன்னலோரமா உக்காந்தா. எங்க போகணும்னு கண்டக்டரு கேட்டிருக்காரு. "இந்த பஸ்ஸு நேராப் போகுங்களா?"ன்னு கேட்டாளாம், அவரே சொன்னாரு.

உள்ள மிருதுளா மொதல்ல சிரிச்சுட்டுத்தான் ஆடுச்சு. நிறுத்தப் பாத்து நிக்கலீன்னதும் மொகம் மாறுச்சு. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, ருக்குமணி தறிக்கூடத்துல இருந்து தலைவிரி கோலமா ஓடி வந்தா. அவளைப் பாத்ததும் புள்ள ரெண்டு கையையும் நீட்டிட்டு அம்மா, அம்மான்னு அலறுச்சு. பஞ்சு இருந்தா என்ன, அம்மான்னு வாய் போறதைப் பாத்தா யாருக்குந் தெரியும். ருக்குமணி என்ன பண்ணுனா தெரியுமா? அத்தனை பேரு முன்னாலயும் காதுல இருந்த பஞ்சைப் புடுங்கித் தூர எறிஞ்சா. இத்தனை வருசத்துல இந்த ஊருல தானாப் பஞ்சை எடுத்தவ அவ ஒருத்திதான், அதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன். பஞ்சை எறிஞ்சுட்டு, "கூப்புடு சாமி, அம்மா இங்க இருக்கேன், கூப்புடு"ன்னு கையை விரிச்சுட்டு நின்னா.

புள்ள கூப்பிட்டுச்சு. ருக்குமணி காலு அசையல. மறுபடியும் கூப்பிட்டுச்சு. அவ தடுப்பைத் தாண்டி உள்ளயே போயி, புள்ளையோட கூடவே ஓடிக் கை தட்டிப் பாத்தா, தன் காலைத் தானே அடிச்சுப் பாத்தா. அந்தக் காலு அவ சொன்ன பேச்சைத்தான் கேட்டுச்சு, நில்லுன்னா நின்னுச்சு, நடன்னா நடந்துச்சு. ஊரே அதைப் பாத்துச்சு. அவ உக்காந்து தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டா.

அங்க பஸ்ஸு கெளம்பியிருந்துச்சு. கோயில் வளைவு தாண்டறதுக்குள்ள, ஜன்னலோரம் உக்காந்திருந்தவ எந்திரிச்சுட்டா. நிறுத்துங்கன்னு அவ சொல்லவே இல்லையாம், ஓடற பஸ்ஸோட படியில காலு தானா எறங்குதுன்னு பாத்துட்டுக் கண்டக்டருதான் விசில் அடிச்சிருக்காரு. எங்க எல்லார்கிட்டயும் பஞ்சு இருந்துச்சு, அவகிட்ட மட்டும் இல்ல, உள்ளயே இருந்தவளுக்குப் பஞ்சு எதுக்குன்னு யாரு குடுத்தா? வந்தா. வர்றப்ப மட்டும் நேரா வந்தா, ஒரு கோணலும் இல்ல. புள்ளைக்கு எதுக்கால வந்து, பட்டுப்போன அந்தக் கையால அது கன்னத்தைத் தொடப் போனா, அதுக்குள்ள கை தட்டறதுக்குப் போயிருச்சு. அவ உள்ள, புள்ள வெளிய. மிருதுளா ஓடிப்போயி ருக்குமணி மேல விழுந்து அழுதுச்சு. "அந்தக் கெழவி யாரு?"ன்னு கேட்டுச்சு. ருக்குமணி தன்னோட முந்தானையைக் கிழிச்சுப் புள்ள ரெண்டு காதையும் அடைச்சுக் கூட்டிட்டுப் போனா. கரண்ட்டு வந்துருச்சு. சாமி பாட்டும் வந்துருச்சு, வெளிவட்டத்துல புள்ளைங்க விட்ட எடத்துல இருந்து ஆட்டத்தை ஆரம்பிச்சாங்க, அந்த வருசம் மழையும் நல்ல மழை.

ருக்குமணி அந்த வாரமே ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. எங்க இருக்காங்கன்னு தெரியாது. புள்ள அவளை இப்பவெல்லாம் எதுவுஞ் சொல்லிக் கூப்பிடறதில்லைன்னு காதுல விழுந்துச்சு.

நோம்பி முடிஞ்ச மூணாம் நாளு சோறு ஊட்டறது எங்க ஊட்டு முறை. வழக்கம்போலப் பஞ்சு வெச்சுட்டு, தயிரு சாதத்தை உருட்டிட்டுப் போயி, அவளோட கூடவே நடந்தேன். அவ பல்லைப் பத்திக் கேக்கல, நடக்கறதைப் பத்திக் கேக்கல. வாயில குடுத்த உருண்டையை ஒதுக்கி வெச்சுட்டு, என் மொகத்தையே பாத்தா. கண்ணு ரெண்டும் தண்ணி கட்டி மினுங்குச்சு, அழுகறவ மொகம் மாதிரியும் இல்ல. ஏனுங்க, அன்னிக்கு எம்பொண்ணு என்னை அம்மான்னு கூப்பிட்டாள்ல? நீங்களும் கேட்டீங்கல்ல? ஒரு தடவை கேட்டேன்னு சொல்லுங்க, நானாக் கனாக் கண்டேனோன்னு இருக்குது, ஒரே ஒரு தடவை சொல்லுங்கன்னு, சுத்துக்குச் சுத்து அதையே கேட்டா, அசையற வாயைப் பாத்தே புரிஞ்சுக்கிட்டேன்.

நான் என்னத்தைச் சொல்லட்டும்? என் காதுல பஞ்சு இருந்துச்சு. புள்ள ருக்குமணியைப் பாத்துத்தான் கூப்பிட்டுச்சு, வாய் போனதைப் பாத்தேன், சத்தம் ஒண்ணுங் கேக்கல.

"கேக்கலை அம்மிணி, நீ சாப்புடு"ன்னு சொன்னேன். கேக்காததைக் கேட்டேன்னு எப்படிங்க சொல்லறது? பொய் சொல்லற பழக்கம் எங்க ஊருக்குக் கெடையாது.